தாமரா பார்க்காத நெற்றி

மெல்பேர்ணின் ரிச்மண்டில் இருந்த அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் விமலாதேவி வேலைக்குச் சேர்ந்து பதினைந்து மாதமாகிவிட்டது. அந்தப் பதினைந்து மாதத்தில் ஒரு நாளாவது, பக்கத்துக் கதிரையில் இருந்து வேலைசெய்த தாமரா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாமல் இல்லை. காலையில் வந்ததும் ஒரு "மோர்னிங்" உண்டு. போகும்போது ஒரு "பை" உண்டு. ஆனால் கண் மட்டும் விமலாதேவியின் தோளில் வந்து நிற்கும். மிஞ்சிப்போனால் தாடை வரைக்கும் ஏறும். அதற்கு மேலே இவளுக்குத் தலையென்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது போல.

தாமரா என்ற பெயரே விமலாதேவிக்கு முதலில் பிழையாகத்தான் காதில் விழுந்தது. சேர்ந்த அன்று மனேஜர் டொனலி அவளைக் கூட்டிக்கொண்டு போய், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த பெண்ணைக் காட்டி ஏதோ சொன்னார். அது "தாமரை" என்று கேட்டது. வெள்ளைக்காரிக்குத் தாமரை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ என்று இவள் வியந்துகொண்டாள். அன்றிலிருந்து "தாமரை அக்கா" என்றே கூப்பிட்டாள். பிழையென்று தெரியவர ஒரு மாதம் ஆனது. அதற்குள் நாக்கு பழகிவிட்டது. தாமராவும் திருத்தவில்லை. "தாமரை அக்கா" என்றால் திரும்புவாள். திரும்பித் தோளைப் பார்ப்பாள்.

இரண்டு பேருக்கும் தைத்து முடிந்த சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. காலர் கோணியிருக்கிறதா, பொத்தான் ஓட்டை சரியா, நூல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விமலாதேவி ஒரு சட்டையைப் புரட்டிப் பார்ப்பதற்குள் தாமரா நாலு முடித்திருப்பாள். மேசைக்குச் சட்டை வந்து சேரவே தேவையில்லை. பத்தடி தூரத்தில் தள்ளுவண்டியில் வரும்போதே, "மூன்றாவது சட்டை, இடது கை, தையல் விட்டிருக்கு" என்பாள். எடுத்துப் பார்த்தால் விட்டிருக்கும்.

"அவங்களுக்குக் கண்ணா அது? தொலைநோக்கிலா!" என்பாள் எதிர் மேசை மார்கரெட். மார்கரெட் மலேசியாக்காரி, பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவாள். ஈப்போவில் பிறந்த, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரத் தமிழ்ப்பெண். அந்தக் கட்டடம் முழுவதிலும் விமலாதேவிக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே வாய்.

தாமரா போலந்துக்காரி என்று எல்லோருக்கும் தெரியும். உலகச் சண்டை முடிந்த பிறகு அகதிக் கப்பலில் வந்தவளாம். புருஷன் பிள்ளை கிடையாது. ஜன்னல் பக்கம் இருக்கமாட்டாள். சாப்பாட்டு நேரத்திலும் சுவரோடு முதுகை ஒட்டித்தான் இருப்பாள். பகிடி சொல்லமாட்டாள், மற்றவர்கள் சொன்னால் சிரிக்கவும் மாட்டாள். அதெல்லாம் அவளவள் குணம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கிரேக்கப் பெண்களின் முகத்தைப் பார்க்கிறாளே! இத்தாலிக்காரிகளைப் பார்க்கிறாள். மார்கரெட்டும் கறுப்புத்தான், அவளை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறாள். விமலாதேவி முகத்தில் மட்டும் என்ன குடிகொண்டிருக்கிறது?

வீட்டில் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அரியரத்தினம் நீர்வழங்கல் கந்தோரில் வரைபடம் கீறுகிற வேலை செய்தார். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "நிறப் பிரச்சினையாத்தான் இருக்கும். நீர் ஏன் அதைப் போட்டு மனசில அலட்டிக்கொள்ளுறீர்? உம்மட வேலையைப் பாத்திட்டு வாரும்" என்றார்.

நிறப் பிரச்சினை என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் விமலாதேவிக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்திருந்தபோது, அவளுடைய பங்குச் சட்டைகளையும் சேர்த்துப் பார்த்து முடித்து வைத்தது தாமராதான். கிழமைக்கு ஒருமுறை இரண்டு அப்பிள் பழம் கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமல், கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதும் அவள்தான். பிடிக்காத ஆளுக்கு யாராவது அப்பிள் கொடுப்பார்களா?

இப்படியே போயிருக்கும். அந்த வெள்ளிக்கிழமை வராமல் இருந்திருந்தால்.

எழுபத்தைந்தாம் ஆண்டு ஜனவரி, அந்த ஊருக்குக் கோடை. நாற்பத்தொரு டிகிரி வெயில். தொழிற்சாலைக்குத் தகரக் கூரை. நாலு மின்விசிறியும் சூடான காற்றையே அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தன. விமலாதேவி வெள்ளிக்கிழமைகளில் தலைமுழுகி, கொஞ்சம் பெரிதாகவே பொட்டு வைத்துக்கொண்டு போவாள். கோயிலே இல்லாத ஊரில் வெள்ளிக்கிழமை என்பதற்கு வேறு என்னதான் அடையாளம்? நெற்றியில் கொஞ்சம் வாஸ்லைன் தொட்டு, அதன்மேல் குங்குமம் ஒற்றுவாள். அப்போதுதான் பின்னேரம் வரைக்கும் உதிராமல் நிற்கும். மற்ற நாட்களில் நிற்கும். அன்றைய வெயிலில் வாஸ்லைன் உருகிவிட்டது.

இரண்டு மணியிருக்கும். மார்கரெட் தன்னுடைய மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னாள்.

"கடிதம் போட்டிருக்காங்க விமலா. ஆஸ்திரேலியாவுல மாடு எல்லாம் பெரிசாமே, ஒண்ணு அனுப்பி வைன்னு!"

விமலாதேவிக்கு அடக்கமுடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினாள். தாமரா நூல் வெட்டுகிற கத்தரிக்கோலைத் தேடி அந்த நேரம் பார்த்துத் தலையை நிமிர்த்தினாள். பதினைந்து மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன.

அடுத்தது என்ன நடந்ததென்று விமலாதேவிக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சத்தம் கேட்டது. மனிதச் சத்தம் மாதிரி இல்லை. மேசை சரிந்தது. சட்டைகள் கொட்டுண்டன. அவள் நிலத்தில் கிடந்தாள், அவளுக்கு மேலே தாமரா கிடந்தாள். முழுப் பாரத்தையும் போட்டு, ஒரு கையால் இவள் வாயைப் பொத்தி, காதுக்குள் ஏதோ ஒரு பாஷையில் திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்ததோ! வெட்டுப் பகுதியிலிருந்து இரண்டு ஆம்பிளைகள் ஓடிவந்து இழுத்தும் அவளைக் கிளப்ப முடியவில்லை. கடைசியில் அவளாகவே கையை விட்டாள். விட்டுவிட்டுச் சுவர் மூலைக்குப் போய்க் குந்திக்கொண்டாள்.

டொனலி ஓடிவந்தார். விமலாதேவியின் மூக்குத்தண்டில் வழிந்திருந்த சிவப்பைக் கண்டதும் மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார்.

மார்கரெட் விரலால் தொட்டுக் காட்டினாள். "ரத்தம் இல்ல சார், பவுடர்!" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, தமிழில், "இரு, துடைச்சு விடுறேன்" என்று கைக்குட்டையை எடுத்தாள்.

விமலாதேவி அந்த வலியிலும் அவள் கையைத் தட்டிவிட்டாள். "துடையாதையும் மார்கரெட்! விடும், நான் போய்ச் சரிசெய்யிறன்."

கழிவறைக் கண்ணாடியைப் பார்த்து, வழிந்ததை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டுப் பொட்டைப் பழையபடி வட்டமாக்கிக்கொண்டு வந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதற்குள் தாமராவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

டொனலி நல்ல மனிதர்தான். கதவைச் சாத்தி, கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்துப் பேசினார். சுருக்கம் இதுதான்: பக்கத்தில் இருக்கிற ஆளைத் தாக்குகிறவளை வைத்திருக்க முடியாது. ஆனால் தாமரா அங்கே இருபது வருஷம். ஒருநாள் பிந்தி வந்ததில்லை. "நீதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் நீ அவள் பக்கத்தில் இருப்பேன் என்றால் அவள் இருக்கட்டும். மாட்டேன் என்றால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறேன்."

வெளியே வந்ததும் மார்கரெட் பிடித்துக்கொண்டாள். "மாட்டேன்னு சொல்லிரு விமலா. இன்னைக்கு கை, நாளைக்குக் கழுத்தா?"

"அவவுக்கு இந்த வயசில வேற ஆர் வேலை குடுப்பினம்?"

அது உண்மை. அந்த வருஷம் மெல்பேர்ணில் தையல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தன. இருபது வயதுப் பெண்களே தெருத்தெருவாக வேலை கேட்டு அலைந்தார்கள். தாமராவுக்கு அந்த மேசையை விட்டால் உலகத்தில் வேறு ஒன்றுமில்லை. அது விமலாதேவியின் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அரியரத்தினம் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். விமலாதேவி மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு, மார்கரெட்டிடம் கேட்டு எழுதிவைத்த விலாசத்தோடு ஃபுட்ஸ்கிரேக்கு ரயில் ஏறினாள். தெரிந்துகொள்ளாமல் எந்தப் பதிலும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு வீட்டின் பின்பக்கத்து அறை. தாமரா கதவைத் திறந்து, வந்தவளின் செருப்பைப் பார்த்தாள். செருப்பை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டாள். விலகி நின்று உள்ளே விட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கும் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. கண்ணாடி டம்ளரில் பால் விடாத தேத்தண்ணீரும், பக்கத்தில் ஒரு கரண்டியில் பழ ஜாமும் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ்தான். அதிலும் தாமராவுடையது கால் கை உடைந்த இங்கிலீஷ். அது விமலாதேவியின் மனதில் விழுந்த விதத்தில் சொன்னால் இப்படித்தான் வரும்.

"கை நோகுதா?"

"கொஞ்சம். அக்கா, நான் ஒண்டு கேக்கத்தான் வந்தனான். என்னில உங்களுக்கு என்ன வெறுப்பு?"

"வெறுப்பா?" தாமராவுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "நீ நல்ல பிள்ளை. திங்கக்கிழமை போய், மாட்டன் எண்டு சொல்லு. அதுதான் நல்லது. என்னால உனக்குப் பக்கத்தில இருக்க ஏலாது."

"ஏன்?"

தாமரா தன்னுடைய இரண்டு புருவத்துக்கும் நடுவில் விரலை வைத்தாள். "அது."

விமலாதேவியின் கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. "இந்தப் பொட்டோ?"

"அதை ஏன் வைக்கிறாய்?"

"நான் கலியாணம் கட்டினனான். அவர் இருக்கிறார் எண்டதுக்கு அடையாளம்."

"அவர் இல்லாமல் போனால்?"

"அழிச்சுப்போடுவினம்." சொல்லவே விமலாதேவிக்கு வாய் கூசியது.

"ஆர் அழிக்கிறது? நீயா?"

"இல்லை. மற்றப் பொம்பிளையள்."

தாமரா ஜாம் கரண்டியைத் தேத்தண்ணீருக்குள் விட்டுக் கலக்கினாள். பிறகு சொன்னாள். "உன்ர ஊரில ஆம்பிளை செத்தால் அது போகும். என்ர ஊரில ஆம்பிளை செத்தபோதுதான் அது வந்தது."

விமலாதேவிக்கு விளங்கவில்லை. தாமரா எழும்பிப் போய்க் கதவைப் பூட்டினாள். பூட்டிவிட்டு வந்து, சுவர் மூலைக் கதிரையில் இருந்துகொண்டு, முதலில் தான் போலந்துக்காரி இல்லை என்று சொன்னாள். சோவியத்காரி. சண்டை நடக்கும்போது மொஸ்கோவுக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார்களாம். பத்தொன்பது வயதில் அங்கே போய்ச் சேர்ந்தாள். சமையல் படிக்க இல்லை, தையல் படிக்க இல்லை. மறைந்திருந்து ஒரே வெடியில் ஆளை விழுத்தப் படிக்கிற பள்ளிக்கூடம் அது.

"நான் கெட்டிக்காரி. என்ர கண்ணைப் பாத்து வாத்திமாரே அதிசயப்பட்டவை. பதுங்குகுழிக்குள்ள இருக்கிறவனுக்குத் தலை மட்டும்தான் தெரியும். தலையில எங்க சுடவேணும்? நடுவில. நீ வைக்கிற அதே இடத்தில."

விமலாதேவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இருபத்திமூண்டு நெத்தி," என்றாள் தாமரா. பெருமையும் இல்லை, அழுகையும் இல்லை. சட்டையில் பிழை சொல்கிற அதே குரல்.

அந்த வேலையை ஒரு ஆள் தனியாகச் செய்வதில்லை. இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் துவக்கோடு, மற்றவர் தூரக்கண்ணாடியோடு. தாமராவோடு போனவன் பாவெல். பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்தவன். அவனுக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருந்ததாம், அதில் உலகத்தில் தான் போக ஆசைப்பட்ட இடங்களை எழுதி வைத்திருந்தானாம். இரவில் விடியமுன் தவழ்ந்து போய்ப் படுத்தால், இருட்டின பிறகுதான் திரும்பித் தவழலாம். பகல் முழுவதும் அசையக்கூடாது. ஒரு முழ இடைவெளியில், முகத்துக்கு முகம், பதினைந்து பதினாறு மணித்தியாலம் கிடப்பார்கள். அப்படி ஒருவனோடு எட்டு மாதம் கிடந்தால் காதல் வராமல் என்ன செய்யும்?

"கை பிடிச்சதில்லை. முத்தம் ரெண்டு தரம். மிச்சம் எல்லாம் குசுகுசுப்புத்தான்," என்றாள்.

நாற்பத்துநாலாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். கோதுமை வயல். வெயிலென்றால் நேற்றைய வெயில் மாதிரி. அவள் கண் களைத்துவிட்டதென்று அன்றைக்கு இடம் மாறினார்கள். அவன் துவக்கை எடுத்தான், அவள் கண்ணாடியை எடுத்தாள். காலை ஆறு மணியிருக்கும். சண்டை முடிந்ததும் தன் ஊருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்வோம் என்று அவன் சொன்னான். அதற்கு அவள் தன்னுடைய முழங்கையைக் காட்டி ஒரு பகிடி விட்டாள்.

"என்ன பகிடி?"

"என்ர முழங்கை ரெண்டும் நிலத்தில தேய்ஞ்சு காய்ச்சுக் கறுத்துப்போய் இருந்தது. 'உன்ர அம்மா கேப்பா, ஏண்டா கழுதையைக் கட்டிக்கொண்டு வந்தாய் எண்டு' எண்டன்." தாமரா சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இழுத்துவிட்டாள். "அவன் சிரிச்சான். சிரிச்சுக்கொண்டு என்ர பக்கம் திரும்பினான். தலையை ஒரு விரல் அளவுதான் உயர்த்தினவன். ஒரு விரல்."

அந்தப் பக்கத்திலும் ஒருவன் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அவனும் கெட்டிக்காரன்.

சத்தம்கூடப் பெரிதாக இல்லையாம். காய்ந்த சுள்ளி முறிந்த மாதிரி. பாவெல் சிரித்தபடியே இருந்தான். புருவத்துக்கு நடுவில் வட்டமாக ஒரு சிவப்பு. பருப்பளவு. அவளுக்கு முதலில் அது என்னவென்று விளங்கவில்லை. பிறகு வெயில் ஏற ஏற அதிலிருந்து ஒரு கோடு மூக்குத்தண்டில் இறங்கியது.

"நான் அசையேலாது. அசைஞ்சால் எனக்கும் அதுதான். இருட்டுறவரைக்கும் அவன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு கிடந்தன். இலையான் பறந்து வந்து மொய்ச்சது. என்ர கை இஞ்ச. அவன்ர நெத்தி அங்க." ஒரு முழத்தை மேசையில் அளந்து காட்டினாள். "அதைத் துடைச்சுவிட ஏலாமல் போச்சு. முகத்தைத் திருப்பவும் ஏலாது, திருப்பினால் புல் அசையும். கண்ணை மூடினால் திறக்கேக்க அவன் எழும்பி இருப்பான் எண்டு நினைச்சு நினைச்சு மூடினன். ஒவ்வொரு முறை திறக்கேக்கையும் அது அங்கேயே இருந்தது."

அதற்குப் பிறகு அவள் இரண்டு மாதம் சண்டையில் இருந்தாள். காயப்பட்டு எதிரியிடம் பிடிபட்டாள். மறைந்து சுடுகிறவள் என்று தெரிந்திருந்தால் அங்கேயே முடித்திருப்பார்கள். சமையல்காரி என்று சொல்லித் தப்பினாள். சண்டை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போகப் பயம். பிடிபட்டவர்களைத் துரோகி என்று சொல்லுகிற காலம் அது. அதனால் போலந்துக்காரி என்று பதிந்துகொண்டு கப்பல் ஏறினாள். இந்த ஊரில் உள்ள போலந்துக்காரர்களுக்குச் சோவியத்காரி என்று தெரிந்தால், அந்த நாட்டின்மேல் உள்ள கோபத்தில் முகத்தில் துப்புவார்கள். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் பத்திரம் பொய்யென்று கேள்வி வரும்.

"இருபத்தஞ்சு வரியமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்ர மனுசனுக்கும் சொல்லாதே."

"சொல்லமாட்டன்."

"நீ முதல் நாள் வந்து பக்கத்தில இருந்தாய். வடிவான பிள்ளை. நெத்தியில அது. நான் சுட்ட ஆக்கள் எல்லாரும் சேர்ந்து உன்னை அனுப்பினவை எண்டு நினைச்சன். பாக்காமல் இருந்து பழகினன். நேற்று நீ சிரிச்சுக்கொண்டு திரும்பினாய். அதிலயிருந்து கோடு வழிஞ்சது." தாமரா கையை விரித்தாள். "நான் இந்த முறையாவது உன்னைக் கீழ இழுத்து விழுத்தவேணும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

அறைக்குள் வெக்கையாக இருந்தது. விமலாதேவிக்குக் கழுத்தில் வேர்வை ஓடியது. நெற்றியிலும் வேர்த்திருக்கும். தாமராவின் கண் அவளுடைய செருப்பில் இருந்தது.

வேலைக்கு வரும்போது மட்டும் பொட்டில்லாமல் வந்தால் என்ன என்று ஒருமுறை நினைத்தாள். வீட்டில் தானாகவே கழுவிவிட்டு வரலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வாயில் வந்தது வேறு. ஏன் வந்ததென்று பிறகு எத்தனையோ நாள் யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த அந்தக் கை முப்பது வருஷமாக ஒரு முழத்தைத் தாண்டமுடியாமல் கிடக்கிறதே என்று மட்டும் பட்டது.

"அக்கா, நீங்களே துடையுங்கோ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஒரு பெண்ணின் பொட்டை இன்னொரு பெண் துடைப்பது எப்போது என்று அவளுக்குத் தெரியாதா? சித்தப்பா செத்த அன்றைக்குச் சின்னம்மாவை நடுவில் இருத்தி, நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, அயல்வீட்டுக்காரி ஈரத்துணியோடு வந்ததை அவள் கண்ணால் கண்டவள். அரியரத்தினம் இப்போது மைதானத்தில் இருப்பார். வெயிலில். அவருக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தம். முருகா, முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அவள் முகத்தை நகர்த்தவில்லை.

தாமராவுக்கு இதெல்லாம் முழுவதும் விளங்கியிருக்காது. கொஞ்சம் விளங்கியிருக்கும். "நீ சொன்னாய், அது..." என்று இழுத்தாள்.

"தெரியும். துடையுங்கோ."

தாமரா குசினிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். துணி எடுக்கவில்லை. கண்ணைச் செருப்பிலிருந்து தூக்கினாள். முழங்கால், மடி, தோள், தாடை. அதற்கு மேலே ஏற அவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்ததோ. பிறகு பெருவிரலை விமலாதேவியின் நெற்றியில் வைத்தாள். அந்த விரல் நடுங்கவேயில்லை. அப்படி நடுங்காத விரலை விமலாதேவி அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஒருமுறை இழுத்தாள். இன்னொரு முறை. மூக்குத்தண்டை உள்ளங்கையால் வழித்தாள். நேற்றைக்கு அந்தத் தொழிற்சாலையில் காதுக்குள் சொன்ன அதே சொல்லைச் சொன்னாள். மெதுவாக, ஒரேயொரு தரம்.

துடைத்து முடிந்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது. அது நிற்க வெகுநேரம் பிடித்தது.

"உன்ர கண் மண் நிறம்," என்றாள் கடைசியில். "நான் கறுப்பெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

ரயிலில் வரும்போது விமலாதேவி சேலைத் தலைப்பை முக்காடு மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டாள். வெள்ளைக்காரருக்கு அவள் நெற்றியில் இருந்ததும் தெரியாது, இல்லாததும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் தன்னையே பார்ப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்தால் அரியரத்தினம் இல்லை. ஆறு மணிக்கு வருகிறேன் என்றவர் ஏழு மணிக்கும் இல்லை. குங்குமச் சிமிழைத் திறந்தாள். விரலில் தொட்டாள். நெற்றிக்குக் கிட்டக் கொண்டுபோன விரல், பருப்பளவு என்ற சொல் நினைவில் வந்ததும் அப்படியே நின்றது. பிறகு மேலே ஏறி, வகிட்டில் ஒரு கோடாக இழுத்துவிட்டது.

ஏழரைக்குப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. உயிர் வந்தது.

"ரயிலைத் தவறவிட்டிட்டனப்பா," என்று தொப்பியைக் கழற்றிய அரியரத்தினம் அவளைப் பார்த்து நின்றார். "இதென்ன, நெத்தி வெறுமையாக் கிடக்கு? நான் ரயிலைத்தான் தவறவிட்டனான், உயிரை இல்லை!"

"சும்மா இருங்கோ! வாயில வாறதெல்லாம் கதைக்கிறதே?" என்று சீறினாள். சீறிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேர்வையில் போய்விட்டது என்றாள். அவர் நம்பினார்.

மறுநாள் ஞாயிறு. அரியரத்தினம் முழுகிவிட்டு வந்து, சாமிப்படத்துக்கு முன்னால் நின்று தேவாரம் பாடி, திருநீறு பூசி, சந்தனம் வைத்து, அதன் நடுவில் துளி குங்குமமும் வைத்துக்கொண்டார். கலியாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் செய்வதுதான். விமலாதேவி குசினியில் தோசைக்கல்லோடு நின்றாள். அவர் வாசலில் வந்து நின்று, "என்ன வாசம், தோசை கருகுது போல" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார்.

தோசைக்கரண்டி கையிலிருந்து விழுந்தது. அவள் ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தாள். திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் சேர்த்து, தோல் சிவக்கச் சிவக்கத் துடைத்தாள்.

"என்னப்பா இது? என்ன பிடிச்சது உமக்கு?"

"ஒண்டுமில்லை. நீங்கள் சிரிக்காதேங்கோ. கொஞ்சநேரம் சிரிக்காமல் நில்லுங்கோ."

அன்றிரவு அவள் உறங்கவில்லை. கண்ணை மூடினால் கோதுமை வயல். அவள் ஒரு நாளும் கண்டிராத வயல். அதற்குள் ஒரு முழத் தூரத்தில், முகம் தெரியாத ஒருவன் சிரித்துக்கொண்டு கிடந்தான்.

திங்கட்கிழமை காலை டொனலி அவளை அறைக்குக் கூப்பிட்டார். அவள் கதிரையில்கூட இருக்கவில்லை.

"நான் அவள் பக்கத்தில் இருக்கிறேன். வெயில் தாங்காமல் நான் மயங்கி விழப்போனேன், அவள் பிடித்தாள். அவ்வளவுதான் நடந்தது," என்றாள் இங்கிலீஷில்.

டொனலி அவளை ஒரு கணம் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மேசையில் கிடந்த தாளை எடுத்துக் கிழித்துக் கூடையில் போட்டார்.

வெளியே மார்கரெட் பிடித்துக்கொண்டாள். "ஏய், என்ன விமலா, நெத்தி காலி? வீட்டுக்காரரோட சண்டையாலா?"

"வகிட்டில இருக்கு, வடிவாப் பாரும். உமக்கு எப்பவும் பிறத்தியார் வீட்டுச் சண்டைதான்!"

தாமரா ஏற்கெனவே தன் இடத்தில் இருந்தாள். சுவரோடு ஒட்டி. விமலாதேவி போய்ப் பக்கத்தில் இருந்ததும் திரும்பி முகத்தை நேராகப் பார்த்தாள்.

பதினைந்து மாதமாக விமலாதேவி ஆசைப்பட்டது இதற்குத்தான். சாம்பல் நிறக் கண்கள். இமை கொட்டாத கண்கள். அவை தாடையிலிருந்து ஏறி, மூக்கைக் கடந்து, புருவங்களுக்கு நடுவில் வந்து, அந்த வெறும் தோலில் ஒரு மூச்சு நேரம் நின்றன. அங்கே ஒன்றுமில்லை என்று உறுதிசெய்துகொண்டு பிறகுதான் இவள் கண்களுக்கு இறங்கின. அந்த ஒரு மூச்சு நேரத்தில் விமலாதேவிக்கு உடம்பு முழுவதும் குளிர்ந்தது. இருபத்துமூன்று பேருக்கு இது தெரியாமலே போயிருக்கிறது. இப்படித்தான் பார்த்திருப்பாள். எழும்பி மார்கரெட்டின் மேசைக்கு ஓடவேண்டும் போல இருந்தது. அவள் எழும்பவில்லை. கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன்ர முகம் களைச்சிருக்கு," என்றாள் தாமரா.

"ராத்திரி நித்திரை இல்லை அக்கா."

தாமரா தலையை ஆட்டினாள். அவளுக்கு அது தெரிந்த விஷயம்தான். முதல் வண்டிச் சட்டைகள் வந்து நின்றன. ஒன்றை எடுத்து விரித்துக்கொண்டே, கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் நித்திரை கொண்டனான். ரெண்டு ராத்திரியும்."